இடது பக்கத்துப் பெருஞ்சிரையும் நான் திருப்பி மாட்டிய படமும்

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, சூளகிரியில் வீட்டுக்குப் பின்னால் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது ரேவதி போனில் கூப்பிட்டாள். நான் ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் இப்போது அவள்தான் தலைமை டெக்னீஷியன். நான் இருந்த நாற்காலி.

"சார், நாளைக்கு நம்ம ரோபோட்ல ஒரு மலக்குடல் கேன்சர் கேஸ். அந்த அம்மாவுக்குப் பெரிய வெயின் லெஃப்ட் சைடுல இருக்குன்னு ஸ்கேன்ல போட்டிருக்கு. உடனே உங்க ஞாபகம் வந்துச்சு. வந்து பாக்கறீங்களா?"

லெஃப்ட் சைடு என்று கேட்டதுமே என் வலது கை தானாக எழுந்து நெஞ்சின் இடது பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. போன் காதுக்கும் தோளுக்கும் நடுவில், மற்றொரு கையில் தண்ணீர்க் குழாய். அது செடியை விட்டுவிட்டு என் செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் கழித்தும் இந்தக் கை ஏன் இப்படிச் செய்கிறது என்பதை எழுதிவிடலாம் என்று தோன்றியது. ரேவதியும் நீண்ட நாளாக எழுதச் சொல்கிறாள். அவளுக்குத் தெரிந்திருந்த கதை ஒன்று, நடந்தது வேறொன்று.

ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஓசூரில் இருக்கிறது, அவ்வளவு போதும். நடந்த தவறு ஆஸ்பத்திரியுடையது அல்ல, என்னுடையது. அதற்கு ஒரு பெயர்ப்பலகை எதற்கு.

சேலத்தில் இரண்டு வருடம் தியேட்டர் டெக்னீஷியன் படிப்பு படித்தேன். அதில் முதல் வருடம் மயக்கம் போட்டு விழுவதிலும், இரண்டாம் வருடம் விழாமல் நிற்பதிலும் போயிற்று. பிறகு ஓசூருக்கு வந்து சேர்ந்தேன். நான் சொல்லப்போவது நடந்த, இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில் சிப்காட்டில் மாதத்துக்கு ஒரு புதுக் கம்பெனி திறப்பார்கள். எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கை விரல் நசுங்கியவர்கள் தமிழில் அழுதபடியும், கன்னடத்தில் திட்டியபடியும், தெலுங்கில் வேண்டிக்கொண்டும் வருவார்கள். மயக்க ஊசி போடும்போது ஒன்று, இரண்டு எண்ணச் சொல்வோம். எந்த மொழியில் எண்ணினாலும் ஏழைத் தாண்டியவர் கிடையாது.

எங்கள் சர்ஜன் டாக்டர் ஜெயசீலன். நெட்டையான மனிதர். கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். சாதாரணமாகப் பேசினால் நிம்மதி. காதருகே வந்து ரகசியம் போலப் பேசினால் அன்றைக்கு உங்களுக்குச் சாப்பாடு இறங்காது. அவருடைய சட்டம் ஒன்று: வயிற்றில் கத்தி வைத்துவிட்டால் தியேட்டரில் யாரும் வாய் திறக்கக் கூடாது. ரத்த அழுத்தம் சொல்லலாம். பஞ்சுத் துணி எண்ணிக்கை சொல்லலாம். மற்றபடி மௌனம்.

இந்தச் சட்டத்தால் வந்த வினை ஒன்று உண்டு. ஒருமுறை பித்தப்பை ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கிறது. டாக்டரின் தலைக்கு நேர் மேலே, விளக்கின் கைப்பிடியில் ஒரு பல்லி. எப்படி உள்ளே வந்தது என்று தெரியவில்லை. நான் பார்த்தேன். மயக்க டாக்டர் பார்த்தார். கருவிகள் எடுத்துக் கொடுக்கும் கமலம்மா சிஸ்டரும் பார்த்தார். அத்திப்பள்ளியில் பிறந்து வளர்ந்த அந்த அம்மா எதற்கும் பயப்படாதவர், பல்லிக்குத் தவிர. மூன்று பேரும் முக்கால் மணி நேரம் கண்ணாலேயே பல்லியைப் பிடித்து வைத்திருந்தோம். கடைசித் தையல் போட்டு டாக்டர் நிமிர்ந்ததும் அது அவர் தோளில் விழுந்து ஓடியது.

"இது எவ்வளவு நேரமா அங்க இருந்துச்சு?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"பித்தப்பையை எடுக்கறதுக்கு முன்னாலேர்ந்து சார்" என்றேன்.

"ஏன் சொல்லல?"

"நீங்கதான் சார் பேசக் கூடாதுன்னு..."

மறுநாள் சட்டம் திருத்தப்பட்டது. ரத்த அழுத்தம், பஞ்சு எண்ணிக்கை, பல்லி. இந்த மூன்றுக்கு மட்டும் பேசலாம். அவர் விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவா என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

அடுத்தது நெஞ்சு எக்ஸ்ரே சமாச்சாரம். தியேட்டர் சுவரில் வியூ பாக்ஸ் இருக்கும். வெள்ளை விளக்கு எரியும் பெட்டி, அதன்மேல் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைச் செருகி வைப்போம். படம் மாட்டுவது என் வேலை. டாக்டர் கை கழுவிவிட்டு, ஈரக் கைகளை உயர்த்தியபடி வந்து அதன் முன்னால் ஒரு நிமிடம் நிற்பார். பிறகுதான் கத்தி. ஒருநாள் குடலிறக்கத்துக்கு வந்த ஒரு பெரியவரின் நெஞ்சுப் படத்தை அவசரத்தில் முன்பின்னாக மாட்டிவிட்டேன்.

டாக்டர் என் காதருகே வந்தார். "இவருக்கு இதயம் வலது பக்கம்னு எனக்கு யாரும் சொல்லலையே முருகேசன்."

நான் படத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"உனக்கு எந்தப் பக்கம்?"

வலது கையை நெஞ்சின் இடது பக்கம் வைத்துக் காட்டினேன்.

"அப்படியே நில்லு. ஆபரேஷன் முடியட்டும்."

ஒன்றேகால் மணி நேரம் நின்றேன். முதுகில் ஊசி போட்டுச் செய்த ஆபரேஷன் என்பதால் பெரியவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். நெஞ்சில் கை வைத்து நிற்கும் என்னை அடிக்கடி பார்த்தார். தனக்காக வேண்டிக்கொள்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. வார்டுக்குப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். நான் மறுத்துச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரி முழுக்க என் பெயர் 'கண்ணாடி முருகேசன்' ஆகிவிட்டது. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி எல்லாவற்றையும் மாற்றி மாட்டுகிறவன் என்று அர்த்தம். லாண்டரிக்காரர் வரை அப்படித்தான் கூப்பிட்டார். ரோஷம் வந்துவிட்டது. இனி ஒரு படமும் தவறக் கூடாது என்று நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஸ்கேன் படத்தின் ஓரத்தில் பெயரும் எண்ணும் எறும்பு சைஸில் இருக்கும். அதைக் கிட்டே போய்ப் படிப்பதைவிட, வயிற்றுப் படத்தில் முதுகெலும்புக்கு முன்னால் இருக்கும் இரண்டு வட்டங்களைப் பார்ப்பது சுலபம். ஒன்று இதயத்திலிருந்து வரும் பெருநாடி. இன்னொன்று கால்களிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் பெருஞ்சிரை. படம் சரியாக இருந்தால் பார்க்கிறவனின் இடது கைப்பக்கம் சிரை, அடுத்து நாடி. மாறியிருந்தால் படத்தைத் திருப்பு. நூற்றுக்கணக்கான படங்கள் இப்படி மாட்டினேன், ஒன்றுகூடத் தவறவில்லை. டாக்டரிடம்கூட இந்த ரகசியத்தைச் சொல்லாமல் வைத்திருந்தேன். அவ்வளவு கர்வம்.

அந்த நிலைமையில்தான் சுடலைமுத்து வந்து சேர்ந்தார்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஜூஜுவாடியில் குடியிருந்துகொண்டு, கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்யும் கம்பெனி ஒன்றில் வெல்டிங் ரோபோட் ஓட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு பெண் குழந்தைகள். மலத்தில் ரத்தம் போவதை மூலம் என்று நினைத்து ஆறு மாதம் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கித் தின்றிருக்கிறார். டாக்டர் விரல் விட்டுப் பார்த்த அன்றே மலக்குடலில் கட்டி என்று தெரிந்துவிட்டது. பெங்களூரில் ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார். புற்றுநோய்தான், ஆனால் இன்னும் வேறெங்கும் போகவில்லை, வெட்டி எடுத்தால் ஆள் பிழைப்பார் என்று வந்தது. அறிக்கை இரண்டு பக்கமும் கட்டியைப் பற்றியே பேசியது. ரத்தக்குழாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை டாக்டர் வார்டுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். சுடலைமுத்துவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

"சார், வெளிநாட்டுல ரோபோட்டு வச்சு ஆபரேசன் செய்யுதாவளாம். பேப்பர்ல போட்டிருந்தான். நம்மகிட்ட அது கிடையாதோ?"

"உங்க கம்பெனியில இருக்கறதை அனுப்பச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"அது சரிப்படாது சார். அதுக்கு ஒண்ணும் தெரியாது பாத்துக்கிடுங்க. நாம சொல்லிக் குடுத்த இடத்துல வெல்டு வைக்கும். பீஸை நாம திருப்பி வச்சுட்டோம்னு வைங்க, திரும்பின பீஸ்லயும் அதே இடத்துல அழகா வச்சிட்டுப் போயிரும். ஒருநாள் அப்படித்தான், அரை ஷிப்டு பூரா ஸ்கிராப்பு."

"நான் பீஸைப் பார்த்துத்தான் வெட்டுவேன், பயப்படாதீங்க" என்றார் டாக்டர். சுடலைமுத்து சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. அந்த அம்மா டாக்டரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்கேன் உறையை வாங்கிப் பார்த்தேன். மூன்று படங்களில் இரண்டுதான் இருந்தன.

"மேல்வயித்துப் படம் எங்கேங்க?" என்றேன்.

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். போன வாரம் சூரிய கிரகணம். படத்தின் வழியாகப் பார்க்க அடுத்த வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு போய் இன்னும் தரவில்லை. ஜூஜுவாடியில் ஒரு தெருவே சுடலைமுத்துவின் கல்லீரல் வழியாகக் கிரகணம் பார்த்திருக்கிறது. கட்டி இருப்பது கீழே, கீழ்ப்படங்கள் இருக்கின்றன, போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்லீரல் இருந்திருந்தால் எது வலம், எது இடம் என்று சின்னக் குழந்தையும் சொல்லியிருக்கும். அதுதான் கிரகணம் பார்க்கப் போய்விட்டதே.

மறுநாள் காலை ஏழரைக்குப் படத்தை மாட்டினேன். இரண்டடி தள்ளி நின்று என் வழக்கமான சோதனையைச் செய்தேன். சிரை என் வலது கைப்பக்கம் இருந்தது.

மறுபடியும் தப்பா, நல்லவேளை யாரும் பார்க்கவில்லை என்று சட்டென்று படத்தை உருவித் திருப்பிச் செருகினேன். இப்போது சிரை இடது கைப்பக்கம். மற்ற எல்லாருடைய படமும் போலவே இருந்தது. நிம்மதியாக மூச்சு விட்டேன். எழுத்தைப் படித்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. டாக்டர் ஈரக் கையோடு வந்து ஒரு நிமிடம் நின்று பார்த்தார், தலையசைத்தார். அவருக்கும் அந்த வயதில் எறும்பு எழுத்து தெரியாது, கண்ணாடி போடவும் வீம்பு.

சுடலைமுத்து தமிழில் ஆறு வரை எண்ணித் தூங்கினார்.

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மலக்குடலை எடுப்பதற்கு முன்னால், அதற்கு மேலே உள்ள பெருங்குடலை வயிற்றின் இடது பக்கச் சுவரிலிருந்து பிரித்துத் தளர்த்துவார்கள். அதற்கு ரத்தம் கொண்டுவரும் நாடியையும், எடுத்துச் செல்லும் ஒரு சிரையையும் கட்டி வெட்டுவார்கள். அந்தச் சிரை பெருநாடிக்கு இடது பக்கத்தில், மெல்லிய சவ்வுக்குக் கீழே நீலமாகத் தெரியும். வழக்கமாக அந்த இடத்தில் வேறு பெரிய ரத்தக்குழாய் எதுவும் கிடையாது. பெருஞ்சிரை வலது பக்கம் இருக்கும், இந்த வேலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

டாக்டர் வேலை செய்வதைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். பிய்க்க மாட்டார், இழுக்க மாட்டார். கத்தரிக்கோலின் நுனியால் சவ்வைத் தொட்டுத் தொட்டு, அது தானாகவே பிரிந்துகொள்வது போலப் பிரிப்பார். அன்றும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். வெட்டி எடுக்கும் சதையைப் பரிசோதனைக்கு அனுப்பும் படிவத்தை நான் எழுதிக்கொண்டிருந்தேன். ஸ்கேன் எண் வேண்டும். குறித்துக்கொள்ள வியூ பாக்ஸுக்கு அருகில் போனேன்.

எண் படிக்க வரவில்லை. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். பெயரும் படிக்க வரவில்லை. ஆம்புலன்ஸ் வண்டியின் நெற்றியில் எழுதியிருப்பது போல எல்லா எழுத்தும் முகம் திருப்பி நின்றுகொண்டிருந்தது.

படம் திரும்பி இருக்கிறது. சரி. அப்படியானால் காலையில் முதலில் மாட்டியதுதான் சரி. சரியான படத்தில் சிரை என் வலது கைப்பக்கம் இருந்தது. படத்தில் என் வலது பக்கம் என்றால் அவருக்கு எந்தப் பக்கம்? நான் சுவரைப் பார்த்து நின்றேன், பிறகு சுவருக்கு முதுகைக் காட்டி நின்றேன், இரண்டு கைகளையும் நீட்டி மாற்றி மாற்றிப் பார்த்தேன். மயக்க டாக்டர் என்னைக் கவலையோடு கவனிக்கத் தொடங்கினார். அவருக்கு இடது பக்கம். சுடலைமுத்துவுக்குப் பெருஞ்சிரை இடது பக்கம். உலகத்தில் எல்லாருக்கும் வலது பக்கம் இருப்பது இந்த மனிதருக்கு இடது பக்கம். டாக்டர் இப்போது வேலை செய்வது அதே இடது பக்கம்.

அந்தச் சிரை கிழிந்தால் வயிறு ரத்தத்தால் நிறைய ஒரு நிமிடம்கூட ஆகாது. எங்களிடம் இருந்தது இரண்டு பாட்டில் ரத்தம். வெளியே பெஞ்சில் சுடலைமுத்துவின் மனைவி உட்கார்ந்திருக்கிறார்.

சொல்ல வேண்டும். ஆனால் பேசக் கூடாது. பேசலாம் என்றாலும் என்ன சொல்வது? கண்ணாடி முருகேசன் மறுபடியும் படத்தைத் திருப்பிவிட்டான் என்றா? வேலை போய்விடும் என்றும் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். அந்த நினைப்பு ஒரு நொடி இருந்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

"கிளாம்ப்" என்று டாக்டர் கையை நீட்டினார். கமலம்மா ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்பை எடுத்தார்.

"சார், பல்லி" என்றேன்.

வாயில் வந்தது அதுதான். அனுமதிக்கப்பட்ட மூன்று சொற்களில் அவர் கையை நிறுத்தக்கூடியது அது ஒன்றுதானே. டாக்டர் இரண்டு கைகளையும் வயிற்றிலிருந்து உயர்த்திக்கொண்டார். கமலம்மா "அய்யோ" என்று கூரையைப் பார்த்தார்.

"எங்கே?"

"வியூ பாக்ஸ்ல சார்."

"அங்க இருந்தா இருக்கட்டும். என் தலைக்கு மேல இல்லையே."

"பல்லி இல்ல சார். படம். படம் திரும்பி இருக்கு."

"ஏனாயித்து முருகேசா?" என்ன ஆயிற்று என்று கேட்கக் கமலம்மா கன்னடத்துக்குப் போய்விட்டார். பதற்றம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான்.

"யாரு மாட்டினது?" டாக்டரின் குரல் இறங்கத் தொடங்கியது.

"நான்தான் சார். முதல்ல சரியாத்தான் மாட்டினேன். அப்புறம் நானே திருப்பிட்டேன்."

"ஏன்?"

"பெரிய வெயின் மாறி இருந்துச்சு சார். மத்தவங்களுக்கெல்லாம் இருக்கற மாதிரி இல்லையேன்னு..."

அவர் குரல் மேலும் இறங்கியது. கேட்க நான் ஒரு அடி முன்னால் போக வேண்டியிருந்தது.

"மத்தவங்க யாரும் இன்னிக்கு இந்த டேபிள்ல இல்ல முருகேசன். படத்தைச் சரியா மாட்டு."

திருப்பி மாட்டினேன். படம் இரண்டு முறை நழுவியது. டாக்டர் தள்ளி நின்று பார்த்தார். பிறகு வயிற்றுக்குத் திரும்பி, அந்த நீல நிறத்தைப் பார்த்தார்.

"கமலா, நான் கிளாம்ப் கேட்டேனா?"

"கேட்டீங்க சார்."

"அதைக் கீழ வை."

குடலை ஒதுக்கிப் பிடித்திருந்த கருவியை மெதுவாகத் தளர்த்தினார். அதன் அழுத்தத்தில் தட்டையாக, ஒரு சின்னச் சிரை போல ஒடுங்கிக் கிடந்த நீலம், அழுத்தம் போனதும் மெல்ல நிரம்பி எழுந்தது. என் கட்டைவிரலைவிடத் தடிமன். மூச்சோடு சேர்ந்து லேசாக அசைந்தது.

அதன் பிறகு அவர் செய்தது வேறொரு ஆபரேஷன். அந்தப் பெருஞ்சிரையின் மேல் சவ்வைத் தொடாமல், அதற்கு முன்பக்கமாகவே வேலை செய்து, நாடியை இன்னும் கீழே தள்ளிக் கட்டினார். கட்ட வேண்டிய சின்னச் சிரையைத் தேடி, விரலால் பின்தொடர்ந்து போய், அது பெரியதில் சேரவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு கட்டினார். மூன்று மணி நேரம் ஆக வேண்டியது நான்கரை மணி நேரம் ஆயிற்று. நடுவில் ஒரே ஒருமுறைதான் பேசினார். "முருகேசன், நெற்றி." வியர்வையைத் துடைத்தேன். என் மேல் இன்னும் நம்பிக்கை இருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன். இரண்டு பாட்டில் ரத்தத்தில் ஒன்றைக்கூட நாங்கள் தொடவில்லை.

கை கழுவும் இடத்தில் அவர் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தானாகவே என் கை நெஞ்சுக்குப் போனது.

"கையை எடு" என்றார். குரல் சாதாரணமாக இருந்தது. "நானும் அந்தப் படத்தை வார்டு ஜன்னல் வெளிச்சத்துல பார்த்தேன். கட்டியைத்தான் பார்த்தேன். வேற எதையும் பாக்கல. நாம ரெண்டு பேரும் நமக்குத் தெரிஞ்சதை மட்டும் பார்த்திருக்கோம்." கொஞ்சம் தண்ணீர் ஓடியது. "அவரு நல்லா முழிச்சு உக்காந்ததும் நீயே போய்ச் சொல்லு. நானும் வரேன்."

நான்காம் நாள் போனோம். சுடலைமுத்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் தன் பங்கைச் சொன்னார், நான் என் பங்கைச் சொன்னேன். அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சட்டையைப் பிடிப்பார், திட்டுவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகப் போயிருந்தேன். சுடலைமுத்து டம்ளரை வைத்துவிட்டு யோசித்தார்.

"உங்க பெட்டியில பின் கிடையாதா அண்ணாச்சி?"

"என்ன பின்னுங்க?"

"படத்தை ரெண்டு பக்கமும் செருகலாமா?"

"செருகலாம்."

"அதாம் பாத்தேன். ஆள் மேல தப்பு இல்ல சார், பிக்சர்ல தப்பு. பீஸைப் பிடிச்சு வைக்கிற சட்டத்துக்கு எங்க லைன்ல பிக்சர்னு பேரு. அதுல ஒரு பின் வச்சிருப்போம். பீஸைத் திருப்பி வச்சா உக்காராது. இதுக்கு ஜப்பான்காரன் ஒரு பேரு வச்சிருக்கான், போக்கா-யோக்கே. முட்டாப்பயகூட தப்பு செய்ய முடியாது."

அந்த முட்டாள் யார் என்று அங்கே இருந்த யாரும் கேட்கவில்லை. டாக்டர் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது.

இரண்டு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தவர் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். உள்ளே எவர்சில்வர் பட்டை ஒன்று, அதன் ஒரு மூலையில் சின்னப் பின். கூடவே காகிதத்தில் ஓட்டை போடும் கருவி. எந்தப் படம் வந்தாலும் முதலில் எழுத்தைப் படித்து, வலது மேல் மூலையில் ஓட்டை போட வேண்டும். பிறகு பட்டையில் மாட்டினால் ஒரு பக்கமாகத்தான் உட்காரும். தியேட்டருக்குள் வந்து அவரே அளவெடுத்துப் பொருத்தினார். தன்னை அறுத்த மேஜையைப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். டாக்டர் பத்துமுறை படத்தைத் திருப்பிப் போட முயன்று தோற்றார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் டாக்டர். "ஆனா ஓட்டை போடறது முருகேசன்தானே."

அதனால் இன்னொரு சட்டம் வந்தது. கத்தி வைப்பதற்கு முன்னால் தியேட்டரில் ஒருவர் படத்தின் கிட்டே போய், அதில் உள்ள பெயரை உரக்க வாசிக்க வேண்டும். திரும்பிய படத்தில் பெயரை வாசிக்க முடியாது. முதல் ஒரு வருடம் நான்தான் வாசித்தேன். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பது போல வாசிப்பேன். தூங்காத நோயாளிகள் சிலர் "உள்ளேன் ஐயா" என்று சொல்லியிருக்கிறார்கள்.

டாக்டர் சுடலைமுத்துவுக்கு ஒரு அட்டையும் கொடுத்தார். 'எனக்குப் பெருஞ்சிரை இடது பக்கம் உள்ளது' என்று தமிழ், கன்னடம், தெலுங்கு, ஆங்கிலம் நான்கிலும் எழுதி லேமினேட் செய்தது. ஜூஜுவாடியில் இருப்பவருக்கு விபத்து எந்த மாநிலத்தில் நடக்கும் என்று சொல்ல முடியாது அல்லவா. கன்னடம் கமலம்மாவின் உபயம். சுடலைமுத்து அதைக் கம்பெனி அடையாள அட்டையோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கேட்காதவர்களுக்கெல்லாம் காட்டினார்.

ரேவதி கூப்பிட்டதற்கு மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் ஜெயசீலன் இப்போது உயிரோடு இல்லை. கமலம்மா மகளோடு மைசூரில். பழைய வியூ பாக்ஸும் போய்விட்டது, எல்லாம் கம்ப்யூட்டர் திரை. தியேட்டரில் ரோபோட் நான்கு கைகளை விரித்து, பிளாஸ்டிக் உறை போர்த்திக்கொண்டு நின்றது. புது சர்ஜன் நோயாளிக்குப் பக்கத்தில்கூட இல்லை. மூலையில் ஒரு பெட்டிக்குள் முகத்தைப் புதைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு நெற்றியைத் துடைக்க வேண்டும் போலிருந்தது. துடைக்க ஒன்றும் இல்லை.

திரையில் நோயாளி அம்மாளின் ஸ்கேன், சிரைக்கு நீலமும் நாடிக்குச் சிவப்பும் பூசி, சுற்றிச் சுற்றிக் காட்டியது. நீலம் இடது பக்கம். எந்தக் குழாய் எங்கே என்று ஒரு வாரம் முன்பே பேசி முடித்துவிட்டார்களாம்.

ஆரம்பிக்கும் முன் எல்லாரும் நின்றார்கள். ஒரு இளம் நர்ஸ் திரைக்கு அருகில் போய், படத்தின் ஓரத்திலிருந்த பெயரை உரக்க வாசித்தாள்.

"கம்ப்யூட்டர்ல படம் திரும்பாதேம்மா. எதுக்கு வாசிக்கிறீங்க?" என்று ரேவதியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"பழைய வழக்கம் சார். உங்க காலத்துல யாரோ ஒரு முட்டாள் படத்தைத் திருப்பி மாட்டிட்டானாம். அதை நீங்கதான் கண்டுபிடிச்சு ஒரு உயிரைக் காப்பாத்தினீங்கன்னு கமலம்மா சிஸ்டர் சொல்லிட்டுப் போனாங்க."

கமலம்மா எனக்குச் செய்த உபகாரம் அன்றுதான் தெரிந்தது. மகராசி, பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார். மீதிப் பாதியை ரேவதியிடம் சொன்னேன். அவளுடைய தோளும் குலுங்கியது.

மூன்று மணி நேரத்தில் முடிந்தது. சிரைக்கு ஒரு கீறல் இல்லை. வெளியே வந்து சுடலைமுத்துவுக்குப் போன் போட்டேன். வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஊரோடு போய்விட்டார். மூத்த பெண்ணின் மகனைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அவரைப் போலவே இன்னொரு ஆள் இருக்கிறார், ரோபோட் வைத்துச் செய்தார்கள் என்றேன். தனக்குப் போட்டி வந்துவிட்டதே என்று முதலில் கொஞ்சம் வருத்தப்பட்டார். பிறகு கேட்டார்:

"பீஸைச் சரியா வச்சாவளான்னு பாத்தியளா அண்ணாச்சி?"

"பேரை வாசிச்சாங்க."

"யாரு, நீங்களா?"

"இல்லீங்க. வேற ஒரு பொண்ணு."

"அப்பம் சரி" என்றார் சுடலைமுத்து.